அண்ணனுக்கு 70,000, தம்பிக்கு 72,000! அம்மாவுக்கு வந்த சந்தேகம்

முதல் தேதி. சம்பளம் வந்த நாள்.

சென்னையில் ஒரு வீடு. அங்கே ஒரு தாய். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். இருவரும் என்ஜினீயர்கள். இருவரும் வேலை பார்ப்பது ஒரே கம்பெனியில். கட்டடம் கட்டும் கம்பெனி அது. இருவருக்கும் ஒரே மாதிரி வேலை. ஒவ்வொருவருக்காகவும் கம்பெனி செலவழிக்கும் பணமும் ஒன்றுதான். மாதம் 80,000 ரூபாய்.

(இப்படி ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குடும்பம் கற்பனை. கணக்கு நிஜம்.)

ஆனால் இருவர் கைக்கும் வருகிற பணம் ஒன்றாக இல்லை. அண்ணன் கணக்கில் 70,192 ரூபாய் விழுகிறது. தம்பி கணக்கில் 72,000 விழுகிறது.

"ஏண்டா பெரியவனே! நீ மூத்தவன். நிரந்தர உத்தியோகம். உன்னைவிடச் சின்னவன் கூட 1,800 ரூபாய் கொண்டு வருகிறானே, அது எப்படி?" என்று தாய் கேட்டாள்.

அண்ணன் சம்பளச் சீட்டை எடுத்து நீட்டினான். தம்பியிடம் நீட்ட ஒன்றும் இல்லை. வங்கியிலிருந்து செல்போனுக்கு வந்த செய்திதான் இருந்தது.

அந்த வித்தியாசத்தில்தான் விஷயமே இருக்கிறது.

இருவரும் ஒன்றல்ல!

அண்ணன் கம்பெனியின் ஊழியன். அவனுக்கு வருவது சம்பளம். தம்பி ஊழியன் அல்ல. அவன் ஒப்பந்த முறையில் வேலை செய்கிறவன். "ஆலோசகர்" என்று அவனுடைய கடிதத்தில் எழுதியிருக்கிறது. மாதந்தோறும் அவன் ஒரு பில் கொடுக்கிறான். அவனுக்கு வருவது சம்பளம் அல்ல, தொழில் கட்டணம்.

பார்ப்பதற்கு இருவரும் காலையில் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வருமான வரிச் சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் அவர்கள் வேறு வேறு ஜாதி!

முதலில் அண்ணன் கணக்கைப் பார்ப்போம்.

கம்பெனி அவனுக்காக ஒதுக்குவது 80,000. அதில் 4,800 ரூபாயைக் கம்பெனி தன் பங்காக வருங்கால வைப்பு நிதிக்குக் கட்டிவிடுகிறது. மீதி 75,200. அதுதான் சம்பளச் சீட்டில் தலைப்பில் இருக்கும் தொகை. அண்ணனுடைய அடிப்படைச் சம்பளம் 40,000. அதில் நூற்றுக்கு 12 வீதம், அதாவது இன்னொரு 4,800, அவன் பங்காகப் பிடிக்கப்படுகிறது. பிறகு தொழில் வரி. இது மாநகராட்சிக்குப் போகிறது. சென்னையில் அவன் நிலையில் உள்ளவருக்கு ஆறு மாதத்துக்கு 1,250 ரூபாய். மாதத்துக்குப் பார்த்தால் 208 ரூபாய்.

ஆக அவன் கைக்கு வருவது 70,192 ரூபாய்.

வருமான வரி எவ்வளவு என்று பார்த்தீர்களா? ஒரு பைசாக்கூட இல்லை!

வரி ஏன் இல்லை?

2025-26 நிதி ஆண்டுக்கான புதிய வரி முறைப்படி, ஆண்டு வருமானத்தில் முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. 4 லட்சத்துக்கு மேல் 8 லட்சம் வரை நூற்றுக்கு 5. அதற்கு மேல் 12 லட்சம் வரை நூற்றுக்கு 10. அதன் பிறகு ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 15, 20, 25 என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் நூற்றுக்கு 30 என்று நிற்கிறது. வரிக்கு மேல் நூற்றுக்கு 4 வீதம் மேல்வரியும் உண்டு.

ஆனால் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், இப்படிக் கணக்குப் போட்டு வருகிற வரி முழுவதையும் அரசாங்கம் தள்ளுபடி செய்துவிடுகிறது. சம்பளக்காரர்களுக்கு இன்னொரு சலுகையும் இருக்கிறது. செலவு எதையும் காட்டாமலே 75,000 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம். ஆகவே ஆண்டுச் சம்பளம் 12,75,000 வரை இருப்பவருக்கு வரி இல்லை.

அண்ணனின் ஆண்டுச் சம்பளம் 9,02,400. கழிவு போக 8,27,400. கணக்குப்படி வரி 22,740. அவ்வளவும் தள்ளுபடி.

இந்த இடத்தில் பலருக்கு ஒரு பயம் உண்டு. "சம்பளம் கொஞ்சம் கூடினால் முழுத் தொகைக்கும் வரி வந்து விடுமே! சம்பள உயர்வே வேண்டாம்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. சம்பளம் 12,76,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லையைத் தாண்டியது 1,000 ரூபாய். வரியும் அந்த 1,000 ரூபாய்க்கு மேல் போகாது என்று சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் மேல்வரி 40 ரூபாய் சேர்ந்துகொள்ளும். ஆயிரம் ரூபாய் உயர்வு வாங்கி 1,040 ரூபாய் வரி கட்டுகிற வேடிக்கை அது. நஷ்டம் 40 ரூபாய்தான், 60,000 அல்ல.

சரி. அண்ணன் கதை முடிந்தது. அவனுடைய கணக்கை அவன் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். கம்பெனி போட்டது. ஆண்டு முழுவதும் அவனுக்கு என்ன சம்பளம் வரும், என்ன கழிவு, என்ன வரி என்று கம்பெனியின் கணக்குப் பிரிவு முன்கூட்டியே பார்த்து, வரி இருந்தால் மாதாமாதம் பங்கு போட்டுப் பிடிக்கும். இல்லாவிட்டால் பிடிக்காது.

தம்பி கதை அப்படி அல்ல.

நூற்றுக்குப் பத்து!

தம்பி 80,000 ரூபாய்க்குப் பில் கொடுக்கிறான். கம்பெனி அதில் நூற்றுக்கு 10 வீதம், அதாவது 8,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 72,000 கொடுக்கிறது. பிடித்த பணத்தை அவன் பெயரில் அரசாங்கத்துக்குக் கட்டிவிடுகிறது.

டாக்டர், வக்கீல், என்ஜினீயர், கணக்காளர் போன்றவர்களின் தொழில் கட்டணத்துக்கு இதுதான் விதி. 2025-26ல் ஒருவருக்கு ஒரு கம்பெனி ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் பிடிக்க வேண்டும்.

இந்த 10 வீதம் எப்படி வந்தது? தம்பியின் வருமானத்தைப் பார்த்தா? இல்லை. அவன் செலவைப் பார்த்தா? இல்லை. அவனுக்கு வரி உண்டா இல்லையா என்று பார்த்தா? அதுவும் இல்லை! யாராக இருந்தாலும் 10. சம்பளக்காரருக்குத் தையற்காரர் அளவெடுத்துச் சட்டை தைக்கிறார். தம்பிக்குக் கிடைப்பது கடையில் தொங்கும் சட்டை. உடம்புக்குச் சேர்ந்தாலும் சேரும், சேராமலும் போகும்.

தம்பியின் ஆண்டு வரவு 9,60,000. பிடித்தது 96,000.

அவன் கட்ட வேண்டிய வரி எவ்வளவு?

என்ஜினீயர் போன்ற சில தொழில்காரர்களுக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை வருமானம் என்று காட்டினால் போதும். செலவுக்கு ரசீது காட்ட வேண்டாம். (பெரும்பாலும் ரொக்கமாக வாங்காமல் வங்கி மூலமே வாங்குபவருக்கு இந்த வரம்பு 75 லட்சம்.) அப்படியானால் தம்பியின் வருமானம் 4,80,000. முதல் 4 லட்சம் போக மீதி 80,000. அதற்கு 5 வீதம் 4,000 ரூபாய். 12 லட்சத்துக்குள் இருப்பதால் அதுவும் தள்ளுபடி.

சுலப வழியே வேண்டாம், 9,60,000 முழுவதும் வருமானம் என்று வைத்தாலும் அது 12 லட்சத்துக்குள்தான். அப்போதும் வரி இல்லை!

அப்படியானால் பிடித்த 96,000 ரூபாய்?

அது தம்பியின் பணம். அரசாங்கத்திடம் இருக்கிறது. அவன் கேட்டால் வரும். கேட்காவிட்டால் வராது.

தாய் இதைக் கேட்டதும் சமையலறையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். "கேட்டாயாடா?" என்றாள்.

தம்பி விழித்தான். "வரிதான் மாதாமாதம் பிடித்துவிட்டார்களே அம்மா! வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றான்.

இந்தத் தம்பியைப் போல நினைப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். "எனக்கு டி.டி.எஸ். பிடிக்கிறார்கள். நான் வரி கட்டிவிட்டேன்" என்கிறார்கள். பிடித்தம் வேறு, வரி வேறு. பிடித்தம் என்பது முன்பணம். கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்து வைத்தால், சாமான் வாங்கியபின் கணக்குப் பார்த்து மீதியை வாங்குவோமா, மாட்டோமா? அதே கதைதான்.

யார் கண்டுபிடித்தது இதை?

கைக்கு வருவதற்கு முன்பே பிடிக்கிற இந்த யோசனை யாருக்குத் தோன்றியது? அதற்குமுன், வருமான வரியே நம் நாட்டுக்கு எப்படி வந்தது? அதில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

1857ல் நடந்த பெரும் கிளர்ச்சியை அடக்கியதில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கஜானா காலியாகிவிட்டது. பணத்துக்கு வழி செய்ய ஜேம்ஸ் வில்சன் என்பவரைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அவர் ஸ்காட்லாந்துக்காரர். இளமையில் தொப்பி வியாபாரம் செய்தவர். பிறகு "எகானமிஸ்ட்" பத்திரிகையை ஆரம்பித்தவர். அவர் கொண்டு வந்த வருமான வரி 1860ஆம் ஆண்டு ஜூலை 24ந் தேதி அமலுக்கு வந்தது. ஆண்டுக்கு 200 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்கு நூற்றுக்கு 2. அதற்கு மேல் நூற்றுக்கு 4.

அப்போது சென்னைக் கவர்னராக இருந்தவர் சர் சார்லஸ் டிரெவெலியன். "இந்த வரி வேண்டாம்" என்று அவர் எதிர்த்தார். இரகசியமாக அல்ல. தம் எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்துவிட்டார்! கவர்னரே அரசாங்கத்தை எதிர்த்தால் லண்டன் சும்மா இருக்குமா? 1860லேயே அவரைப் பதவியிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

வரி போட்டவருக்கும் நல்ல காலம் இல்லை. கல்கத்தாவில் வில்சனுக்குச் சீதபேதி கண்டது. 1860 ஆகஸ்டு 11ந் தேதி இறந்து போனார். வரி பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

இதற்குமேல்தான் வேடிக்கை. திருப்பி அழைக்கப்பட்ட டிரெவெலியன் சில ஆண்டுகளில் மறுபடியும் இந்தியா வந்தார். என்ன பதவியில்? வில்சன் வகித்த அதே நிதிப் பொறுப்பில்! 1865ல் அந்த முதல் வருமான வரி முடிவுக்கு வந்தது. பிறகு வேறு வேறு பெயர்களில் வரிகள் வந்து போயின. 1886ல் ஒரு சட்டம் வந்தது. அது முதல் வருமான வரி போகவே இல்லை. 1922ல் ஒரு சட்டம், 1961ல் ஒரு சட்டம், 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும்படி 2025ல் ஒரு சட்டம் என்று வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

சம்பளத்தில் பிடிக்கும் முறையைப் பெரிய அளவில் திட்டமிட்டு நடத்திக் காட்டிய நாடு இங்கிலாந்து. இரண்டாவது உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். போர்ச் செலவுக்காகத் தொழிலாளர்கள் மீதும் வரி விழுந்தது. வாரக் கூலி வாங்குகிறவர் பழைய சம்பாத்தியத்துக்கான வரியைப் பின்னால் மொத்தமாகக் கட்டுவது எப்படி? அதற்குள் வேலை போயிருக்கும், ஓவர்டைம் நின்றிருக்கும். ஆகவே சம்பாதிக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கத் திட்டம் போட்டார்கள்.

அந்தத் திட்டத்தை வகுத்தவர்களில் முக்கியமானவர் பால் சேம்பர்ஸ். அவர் 1937 முதல் 1940 வரை நம் நாட்டில் இருந்தவர். இந்திய அரசாங்கத்துக்கு வருமான வரி ஆலோசகராக வேலை பார்த்தவர். திட்டம் தயாரானது. நிதி மந்திரி சர் கிங்ஸ்லி உட் பார்லிமெண்டில் அதை அறிவிக்க இருந்த நாள் 1943 செப்டம்பர் 21. அன்று காலையில் அவர் திடீரென்று இறந்துவிட்டார்! ஆனாலும் திட்டம் நிற்கவில்லை. 1944 ஏப்ரல் 6ந் தேதி அமலுக்கு வந்தது.

நம் நாட்டில் சம்பளத்தில் பிடிக்கும் விதி 1922 சட்டத்திலேயே இருந்தது. ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுக்கும் பணத்தில் பிடிப்பது 1972ல் வந்தது. தம்பியைப் போன்றவர்களின் தொழில் கட்டணத்தில் பிடிப்பது 1995 ஜூலையில் வந்தது. வரியை ஏய்ப்பவர்களைப் பிடிக்கப் போட்ட வலை. வலையில் சுறாவும் விழும், சென்னாகுன்னியும் விழும். சென்னாகுன்னி தானாகக் கேட்டால்தான் வெளியே விடுவார்கள்.

வர்ணம் அடிப்பவர் கதி

தம்பி படித்தவன். படிக்காதவர் நிலை என்ன?

கட்டடத்துக்கு வர்ணம் அடிக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர். அதே கம்பெனியில் ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய்க்கு வேலை எடுக்கிறார். அவருக்கு விதி வேறு. தனி ஆளாக இருந்தால் பிடித்தம் நூற்றுக்கு 1. கூட்டு வியாபாரமாகவோ கம்பெனியாகவோ இருந்தால் நூற்றுக்கு 2. ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ பிடிக்க வேண்டும். அவருக்குப் பிடித்தது 6,000 ரூபாய்.

வர்ணத்துக்கும் ஆள் கூலிக்கும் போக அவருக்கு என்ன மிஞ்சும்? வரி கட்டுகிற அளவுக்கு மிஞ்சாது. ஆகவே அந்த 6,000 ரூபாயும் திரும்பக் கேட்டு வாங்கக்கூடியதுதான்.

ஆனால் அவர் பான் எண்ணைக் கொடுக்காமல் விட்டுவிட்டால்? அப்போது பிடித்தம் நூற்றுக்கு 1 அல்ல, 20! ஆறு லட்சத்தில் 1,20,000 ரூபாய் போய்விடும். பத்து எழுத்துக் கொண்ட ஒரு எண். அதைக் கொடுக்காததற்கு ஒரு குடும்பத்தின் பல மாதச் சாப்பாடு! சொந்த வீட்டுக்கு மேஸ்திரி வைத்து வெள்ளையடிப்பவர்கள் சாதாரணமாக இப்படிப் பிடிக்க வேண்டியதில்லை. கம்பெனிகளிடம் வேலை எடுக்கிறவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

பிடிக்காததும் ஆபத்து!

பிடித்தால்தான் கஷ்டம், பிடிக்காவிட்டால் கவலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

அண்ணனுக்கு ஒரு சிநேகிதர். மாதம் ஒரு லட்சம் சம்பளம். ஆண்டுக்கு 12 லட்சம் ஆகும். 75,000 கழித்தால் எல்லைக்குள் வரும். ஆகவே கம்பெனி வரி பிடிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து அவர் வேறு கம்பெனிக்குப் போனார். அங்கே மாதம் ஒன்றரை லட்சம். ஆண்டு முடிய மிச்சம் ஆறு மாதம். ஆறு மாதத்துக்கு 9 லட்சம். "இதுவும் எல்லைக்குள்தான்" என்று புதிய கம்பெனியும் பிடிக்கவில்லை. பழைய கம்பெனியில் வாங்கியதை அவர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

ஆண்டு முடிந்தது. மொத்தச் சம்பளம் 15 லட்சம். கழிவு போக 14,25,000. வரி 93,750. மேல்வரி 3,750. ஆக மொத்தம் 97,500 ரூபாய்!

பன்னிரண்டு மாதமும் கைக்கு வந்ததெல்லாம் தமக்கே சொந்தம் என்று நினைத்து அவர் செலவு செய்துவிட்டார். ஃபிரிட்ஜ் வாங்கினார். தங்கைக்குச் சீர் செய்தார். இப்போது 97,500 ரூபாய்க்கு எங்கே போவார்? அதற்குமேல் வட்டி வேறு. கட்ட வேண்டிய பாக்கி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், ஆண்டு முடிவதற்கு முன்பே நான்கு தவணைகளில் முன்வரி கட்டியிருக்க வேண்டும். கட்டாததற்கு மாதம் நூற்றுக்கு 1 வீதம் வட்டி.

வேலை மாறுகிறவர் பழைய சம்பளத்தைப் புதிய இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதைச் செய்ய ஐந்து நிமிஷம் போதும்.

தம்பியைப் போன்றவர்களுக்கும் வருமானம் பெருகினால் இந்த முன்வரி உண்டு. பாதியை வருமானமாகக் காட்டும் சுலப வழியில் போகிறவர் நான்கு தவணை கட்ட வேண்டாம். மார்ச் 15ந் தேதிக்குள் ஒரே தவணையாகக் கட்டினால் போதும்.

யார் நிலை மேல்?

தாய்க்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. "அப்படியானால் இரண்டு பேரில் யாருக்கடா அதிகம்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. கைக்கு வந்ததை மட்டும் பார்த்தால் தம்பிக்கு மாதம் 1,800 ரூபாய் அதிகம். பிடித்த 8,000மும் திரும்பி வந்தால் அவனுக்கு முழு 80,000. தொழில் வரியை மட்டும் அவனே கட்ட வேண்டும்.

ஆனால் அண்ணன் பெயரில் மாதம் 9,600 ரூபாய் வைப்பு நிதிக்குப் போகிறது. அவன் பங்கு பாதி. கம்பெனி பங்கு பாதி. ஆண்டுக்கு 1,15,200. கம்பெனிப் பங்கில் ஒரு பகுதி பென்ஷனுக்குப் போகும். மற்றது வட்டியோடு வளரும். அண்ணனுக்குச் சம்பளத்தோடு லீவு உண்டு. வேலையை விடும்போது பணிக்கொடை உண்டு. தம்பி காய்ச்சலில் பத்து நாள் படுத்தால் பில்லில் பத்து நாள் குறையும்.

தம்பிக்கும் ஒரு லாபம் இருக்கிறது. கணக்கு எழுதி வைத்தால், தொழிலுக்குச் செலவான பெட்ரோல், டெலிபோன், கம்ப்யூட்டர் ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளலாம். அண்ணனின் பஸ் கட்டணத்தை எந்தச் சட்டமும் கழிக்க விடாது. சம்பளக்காரருக்கு அந்த 75,000தான்.

இன்னொரு வித்தியாசம் பலருக்குத் தெரியாது. பழைய வரி முறை, புதிய வரி முறை என்று இரண்டு இருக்கின்றன. அண்ணன் ஆண்டுக்கு ஆண்டு எது லாபமோ அதை எடுத்துக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ள தம்பி புதிய முறையிலிருந்து பழையதற்குப் போய்விட்டால், திரும்பி வர ஒரே ஒரு சந்தர்ப்பம்தான். அவசரப்பட்டு மாறக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஊழியராகவே நடத்திக்கொண்டு பெயரை மட்டும் "ஆலோசகர்" என்று மாற்றுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வைப்பு நிதி கட்ட வேண்டாம், லீவு கொடுக்க வேண்டாம் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். "உங்கள் கைக்கு அதிகம் வரும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அதிகம் வருவது உண்மைதான். எங்கிருந்து வருகிறது என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கணக்குப் பார்க்க வேண்டும். எழுதிய பெயரை மட்டும் பார்த்துக் கோர்ட்டுகள் முடிவு செய்வதில்லை. யார் உத்தரவு போடுகிறார், வேலை நேரம் யார் கையில் என்பவற்றையும் பார்க்கின்றன.

பணத்தை வாங்குவது எப்படி?

தம்பிக்கு வருவோம். 96,000 ரூபாயை எப்படி வாங்குவது?

வருமான வரிக் கணக்கு, அதாவது ரிட்டர்ன், தாக்கல் செய்ய வேண்டும். வரி இல்லாதவருக்கு ரிட்டர்ன் எதற்கு என்று கேட்கலாம். ஆண்டில் பிடித்தம் 25,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், வரி இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. அறுபது வயது ஆனவர்களுக்கு அந்த வரம்பு 50,000.

முதலில் வருமான வரி இலாகாவின் இணையதளத்தில் தம்பியின் பான் எண்ணில் எவ்வளவு வரவு வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். 96,000 இருக்கிறதா? இல்லாவிட்டால் கம்பெனி பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருக்கலாம். அல்லது வேறு யாருடைய எண்ணிலோ தவறாகக் கட்டியிருக்கலாம். பிடித்த வரியை உங்களிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனாலும் வரவு ஏறாவிட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்த ஆண்டு இவ்வளவு பிடிக்க வேண்டாமே என்றால் அதற்கும் வழி இருக்கிறது. "எனக்கு வரி வராது, குறைத்துப் பிடிக்க உத்தரவு வேண்டும்" என்று வருமான வரி அதிகாரிக்கு முன்கூட்டியே விண்ணப்பம் போடலாம். அவர் சான்றிதழ் கொடுத்தால் கம்பெனி அதன்படிதான் பிடிக்க வேண்டும்.

தம்பி அன்று இரவே உட்கார்ந்து ரிட்டர்ன் போட்டான். அண்ணன் பக்கத்தில் இருந்தான். கடைசியில் ஒரு சிக்கல். பான் அட்டையில் தம்பி பெயரோடு அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. வங்கிக் கணக்கில் இனிஷியல் மட்டும். நம் ஊர்ப் பெயர்களுக்கே உரிய தொல்லை இது! பெயர் ஒத்து வராவிட்டால் வங்கிக் கணக்கைச் சரிபார்க்க முடியாமல் பணம் நின்று போகலாம். மறுநாள் காலையில் வங்கிக்குப் போய்ப் பெயரைத் திருத்த எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

தாய் வாசலிலேயே காத்திருந்தாள்.

"ஏண்டா, அதற்கு முந்தின வருஷமும் ஆறு மாதம் இதே மாதிரிதானே வேலை பார்த்தாய்?"

ஆறு மாதத்துக்கு 48,000 ரூபாய். அதற்கு அவன் ரிட்டர்ன் போடவில்லை. நிதி ஆண்டு முடிந்து வருகிற டிசம்பர் 31ந் தேதி வரை, தாமதக் கட்டணத்தோடு போடலாம். அந்தத் தேதி எப்போதோ போய்விட்டது. பிறகு போடும் திருத்த ரிட்டர்னில் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது.

ஒரே வழி, தாமதத்தை மன்னிக்கும்படி மேலதிகாரிக்கு மனுப் போடுவது. அதற்கு ஐந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. தாமதத்துக்குத் தக்க காரணம் எழுத வேண்டும். "வரிதான் பிடித்தாயிற்றே என்று நினைத்தேன்" என்பது தக்க காரணமா, இல்லையா என்பதை அந்த அதிகாரிதான் முடிவு செய்வார்.

தம்பி மனு எழுதிக்கொண்டிருக்கிறான்.